மழை விட்டதும் சுடலாம்

யுவராணி அந்தக் குதிரையை முதன்முதலில் பார்த்தது பக்கத்து சீட்டுக்காரியின் போனில். திருநின்றவூரிலிருந்து கிளம்பும் காலை லோக்கல், லேடீஸ் பெட்டி, ஜன்னலோரம். வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. போனுக்குள்ளும் மழைதான். முழங்கால் புதையும் சேற்றில் ஒரு கிழட்டுக் குதிரை. அதன்மேல் ஓட்டை விழுந்த கம்பளியைப் போர்த்திய ஒரு ஆள், தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். நெமிலிச்சேரி வந்தது, பட்டாபிராம் வந்தது, அவன் மட்டும் போய்ச் சேர்ந்தபாடில்லை.

அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண் கேட்டால்தானே. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள் அவள். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்துப்போட்டு, விட்டுப்போன தையல் எங்கே, கறை எங்கே, கோணிக்கொண்ட காலர் எங்கே என்று தேடுவதே வேலை. பத்துப் பதினைந்து வருஷமாக அதைச் செய்து செய்து, எதன்மேல் பட்டாலும் அதன் குறையில் போய் நிற்கிற கண்ணாகிவிட்டது.

அன்றும் அப்படித்தான். கம்பளிக்காரன் ஒரு பாழடைந்த ஊருக்குள் நுழைந்ததும் மூன்று பேர் அவனை மறித்தார்கள். அவன் குதிரையை விட்டு இறங்காமலேயே மூவரையும் சுட்டுத் தள்ளினான். கீழே விழுந்தவர்களில் ஒருவன் மல்லாந்து கிடந்தான்.

"க்கா, செத்தவன் கண்ணு சிமிட்டுறான் பாரு," என்று யுவராணி தன்னை மறந்து சொல்லிவிட்டாள்.

போன்காரி இயர்போனைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினாள். கோபிக்கப்போகிறாள் என்று யுவராணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளோ படத்தைப் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். செத்தவன் மறுபடி சிமிட்டினான். வாயிலும் கொஞ்சம் மழைத்தண்ணி போக, முகத்தைச் சுளித்தான்.

"ஐயோ, ஆமாம்மா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொண்டாள்.

அவள் பெயர் ஆக்னஸ். வில்லிவாக்கத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ரிசப்ஷனில் வேலை. வயது யுவராணியைவிட ஐந்தாறு கூட இருக்கும். கணவர் தவறிப் பல காலம் ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் அவள் பார்த்த படத்தைப் பற்றித்தான்.

"இது இத்தாலிக்காரங்க எடுத்த கௌபாய் படம். அதுலயும் கடைசி கடைசியா எடுத்தது. மொதல்ல வந்ததெல்லாம் வேற மாதிரி. நல்ல வெயில், நல்ல தூசி, ஹீரோ சுருட்டைக் கடிச்சிக்கிட்டு நிப்பான். சக்கைப்போடு போட்டுச்சு. உடனே ஆளாளுக்கு அதையே எடுத்தாங்க. ஜனங்களுக்கு சலிச்சுப்போச்சு."

"அப்பால?"

"அப்புறம் என்ன, காசு இல்ல. போட்ட செட்டெல்லாம் உளுத்துப்போச்சு. அதே தெரு, அதே கடை, ஒவ்வொரு படத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இடிஞ்சுகிட்டே வரும். நடிகனுக்கும் வயசாகி முட்டி வலி. இனிமே யாரு பாக்கப் போறான்னு தெரிஞ்சதும், எடுக்கறவங்க மனசுக்குத் தோணினதை எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்தப் படங்கதான் எனக்குப் புடிக்கும். தூசி போயி சேறு வந்துடும். ஹீரோ சுடறதுக்கு முன்னாடி பெருமூச்சு விடுவான்."

கால் சுளுக்கி வீட்டில் கிடந்த ஒரு விடுமுறையில் யூடியூபில் ஒன்றைத் தேடப்போய் இன்னொன்று கிடைத்து, அப்படிப் பிடித்த பழக்கம் என்றாள். யுவராணிக்கு அவள் சொன்னது பாதிதான் விளங்கியது. ஆனால் பட்டரவாக்கத்தில் இறங்கி, குடையை விரித்து, சேற்றில் செருப்பு சளக் சளக்கென்று கம்பெனிக்கு நடந்தபோது, அந்தக் கம்பளிக்காரன் இந்நேரம் எங்கே ஒதுங்கியிருப்பான் என்ற நினைப்பு கூடவே வந்தது.

மறுநாள் ஆக்னஸ் தன் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். இயர்போனின் ஒரு முனை அவளுக்கு, ஒரு முனை இவளுக்கு. நடித்தவர்களில் பாதிப் பேர் ஒரு பாஷையும் மீதிப் பேர் வேறு பாஷையும் பேச, மேலே இங்கிலீஷை ஒட்டியிருந்தார்கள். வாய் மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருந்தது. தெலுங்கு டப்பிங் படம் பார்த்து வளர்ந்த யுவராணிக்கு அது ஒரு தொந்தரவாகவே படவில்லை. இங்கிலீஷ் புரியாததை ஆக்னஸ் காதோரம் தமிழில் சொன்னாள்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் கதவோரம் தரையில் பூக்கூடையோடு குந்தியிருந்த கண்ணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கொரட்டூர் மார்க்கெட்டில் பூ விற்பவள். குரல் அடுத்த பெட்டி வரை கேட்கும்.

"இன்னாமே, ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசி நீங்களே சிரிச்சிகினு கீறீங்க? எங்களுக்கும் சொன்னா வாய் தேஞ்சா பூடும்?"

ஆக்னஸ் இயர்போனை உருவி பையில் போட்டாள். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள். அன்றிலிருந்து அந்த மூலையில் படம் எல்லோருக்கும் பொது. கால் சென்டர் வேலைக்குப் போகிற பவித்ரா, தலை துவட்டாமலே ஓடி வருகிற பெண், நின்றுகொண்டே எட்டிப் பார்ப்பாள். ரயிலின் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது. அதனால் ஆக்னஸே எல்லோருக்காகவும் பேசினாள். கம்பளிக்காரனுக்குக் கட்டைக் குரல். வில்லனுக்கு மூக்கால் ஒரு குரல். குதிரைக்குக்கூட ஒன்றிரண்டு வார்த்தை கொடுத்தாள்.

கதை இதுதான். கம்பளிக்காரன் ஒரு காலத்தில் பெயர் பெற்ற துப்பாக்கிக்காரன். அவன் கையால் செத்தவர்களில் ஒருவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான். தம்பியைக் கொன்றவனைச் சுட்டே தீருவேன் என்று அவன் வருஷக்கணக்காக ஊர் ஊராகத் தேடி, முடியாமல், ஜனம் காலிசெய்துவிட்டுப் போன அந்தப் பாழூரில் ஒற்றை ஆளாகத் தங்கிவிட்டான். இது தெரிந்து கம்பளிக்காரன் தானாகவே அவன் வாசலில் வந்து நிற்கிறான். "நீ தேடி அலைஞ்சது போதும். இதோ நானே வந்துட்டேன். சுடு."

அண்ணன்காரன் அப்போது கூரைமேல் ஏறி, ஒழுகுகிற இடத்தில் பலகை அடித்துக்கொண்டிருக்கிறான். மேலிருந்தபடியே பார்க்கிறான். "மழை பெய்யுது. துப்பாக்கி மருந்தெல்லாம் நமுத்துக் கெடக்கு. மழை விட்டதும் சுடறேன். அதுவரைக்கும் அந்த ஏணியைப் புடி" என்கிறான்.

மழை விடவேயில்லை. கம்பளிக்காரன் ஏணியைப் பிடித்தான். பிறகு ஆணி எடுத்துக் கொடுத்தான். இருவரும் ஒரே சட்டியில் மொச்சையை வேகவைத்துத் தின்றார்கள். இடையில் ஓயாமல் இருமுகிற வில்லன் கூட்டத்தோடு வந்து, கம்பளிக்காரனைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னபோது, "அவன் எனக்குன்னு வச்சிருக்கிற ஆளு, உனக்குக் குடுக்க முடியாது" என்று அண்ணன்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். அந்தச் சண்டையில் யுவராணி நிறையக் கண்டுபிடித்தாள். கூரையிலிருந்து விழுந்து செத்தவனே மறுபடி கிணற்றடியில் செத்தான். அப்புறம் தொப்பியை மாற்றிக்கொண்டு வந்து மூன்றாம் தரமும் செத்தான்.

"பாவம், ஆள் பத்தல போல கீது," என்றாள் கண்ணம்மா. "ஒருத்தனே எத்தினி வாட்டி சாவான்?"

கம்பெனியில் ஒரு தையல் தப்பினாலும் யுவராணி சட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாள். இங்கே ஒவ்வொரு தப்பைப் பார்க்கும்போதும் அந்தப் படம் இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. கதவை இடித்ததும் சுவரே ஆடியதே, அந்த இடத்தை அவள் இருமுறை கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

சனிக்கிழமை, ரயில் அம்பத்தூரைத் தாண்டும்போது, படத்தில் சத்தம் அடங்கியது. கூரையிலிருந்து சொட்டுவது நின்றது. பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள்.

"மழை விட்டுச்சே!" என்று பவித்ரா கத்தவும் பட்டரவாக்கம் வரவும் சரியாக இருந்தது.

"திங்கக்கெழம பாக்கலாம், நிறுத்தி வைக்கா," என்று சொல்லிவிட்டு யுவராணி இறங்கி ஓடினாள்.

திங்கட்கிழமை ஆக்னஸ் வரவில்லை. செவ்வாயும் இல்லை. ஜன்னலோர இடத்தில் யாரோ ஒருத்தி வந்து உட்கார்ந்து தூங்கினாள். லீவு போட்டிருப்பாள், மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரிடமும் அவள் நம்பர் இல்லை. ரயில் சிநேகிதம் அப்படித்தான். ஒருத்தி வீட்டுக் குழம்பு ருசி வரைக்கும் தெரிந்திருக்கும், தெருப் பெயர் தெரியாது.

படத்தையாவது தேடிப் பிடிக்கலாம் என்று பவித்ரா தன் போனை எடுத்தாள். "பேரு இன்னான்னே யாரும் பாக்கலியே! இந்தப் படத்துக்கெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் நாலு நாலு பேரு வெச்சிகிறான். எல்லாத்துலயும் தாடிக்காரன், எல்லாத்துலயும் குதிர." அம்பத்தூர் வரை தேடிவிட்டுப் போனை உள்ளே வைத்தாள்.

"சுட்டுட்டு இருப்பான்," என்றாள் கண்ணம்மா, பூவைத் தொடுத்துக்கொண்டே. "தம்பிய கொன்னவன வுட்ருவானா?"

"சுட மாட்டான்," என்றாள் யுவராணி.

"உனுக்கு எப்டி தெரியும்?"

தெரியாது. ஆனால் சுடக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. வேலை நேரத்திலும் அதே யோசனை. வாரக் கடைசி நெருங்க நெருங்க, படத்தைவிட ஆக்னஸைப் பற்றிய கவலை பெரிதாகிவிட்டது. தனியாக இருக்கிற மனுஷி. காய்ச்சலாக இருந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை அரை நாள். திருநின்றவூரில் இறங்கிய யுவராணி தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஏரிப் பக்கம் நடந்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஏரியும் கொக்கும் தெரியும் என்று ஆக்னஸ் ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. ஏரியைச் சுற்றி எத்தனையோ ஜன்னல்கள். மளிகைக் கடையில் கேட்டாள், இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டாள். கடைசியில் சர்ச் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணிதான் கையை நீட்டினாள். "கண்ணாஸ்பத்திரி ஆக்னஸா? மாடிப்படி வெளிய கீற ஊடு. பாவம், பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து கால்ல கட்டு போட்டுகினு கீது."

ஆக்னஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். முடி கலைந்து, நைட்டியில், முகம் வாடியிருந்தது.

"நீயா? எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"கொக்கைப் பாத்துகினே வந்தேன். இன்னாக்கா இது, ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

"யாருகிட்ட சொல்லி அனுப்பறது? ரயிலுகிட்டயா?"

யுவராணி கேட்காமலேயே அடுப்படிக்குள் போனாள். கொஞ்சம் பாத்திரம் சேர்ந்திருந்தது. அதைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு டீ போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறாள் என்றும், மகள் அடுத்த வாரம் வருகிறாள் என்றும் ஆக்னஸ் சொன்னாள். காலை நீட்டிக்கொண்டு டீயைக் குடித்தபடி, "படத்தோட பேரைச் சொல்றேன். இதுக்குத்தானே வந்தே? வீட்ல போய் நிம்மதியா பாரு," என்றாள்.

யுவராணிக்குச் சுருக்கென்றது. "தனியா பாக்குறதுக்கா சர்ச்சு வரிக்கும் தேடிகினு வந்தேன்?" என்றாள். பிறகு அடக்க முடியாமல், "நீ பாத்துட்டியா? சுட்டானா?"

ஆக்னஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். "நானும் பாக்கல."

"ஊட்லயே தான கீறே, இத்தினி நாளா?"

"கையில எடுத்தேன். மழை விட்ட இடத்துல அப்படியே நிக்குது. யாருக்குப் பேசிக் காட்டறது? வச்சிட்டேன்."

மறுநாள் ஞாயிறு. மற்ற இருவருக்கும் யுவராணி முந்தின ராத்திரியே போன் போட்டுச் சொல்லியிருந்தாள். பத்து மணி பூசை முடிந்து ஜனம் கலைகிற நேரத்துக்கு, யுவராணி எலுமிச்சை சாதத்தோடும், பவித்ரா அவள் அம்மா சுட்ட வடையோடும், கண்ணம்மா விற்றதுபோக மீந்த ஒரு முழம் மல்லியோடும் வந்து சேர்ந்தார்கள். கண்ணம்மா வந்ததும் வராததுமாக அந்தப் பூவை ஆக்னஸின் தலையில் செருகிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஆக்னஸுக்கு நேரமே கிடைக்கவில்லை.

டிவியில் போட்டுப் பார்க்கலாம் என்று பவித்ரா முயன்றாள். பழைய டிவி, போனோடு சேர மாட்டேன் என்றது. சரிதான் என்று ஒரு சொம்பில் போனைச் சாய்த்து வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள், அதுதான் பழகியிருந்தது.

கம்பளிக்காரன் முதலில் எழுந்தான். கம்பளியை உதறி, மடித்து, கட்டிலில் வைத்தான். தெருவில் போய் நின்றான். சேறு வெயிலில் பளபளத்தது. அண்ணன்காரன் துப்பாக்கியைத் துடைத்து, இடுப்பில் செருகி, மெதுவாகப் படியிறங்கினான். எங்கிருந்தோ ஒரு பெண்குரல் வார்த்தையில்லாமல் பாடியது. இவன் கண்ணைக் காட்டினார்கள், அவன் கண்ணைக் காட்டினார்கள். கை, கண், கை. ஆக்னஸே குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். பவித்ராவின் விரல்கள் யுவராணியின் முழங்கையை இறுக்கின.

அண்ணன்காரன் மெள்ள அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

"இன்னா சொல்றான்? சொல்லு!" என்று கண்ணம்மா அதட்டினாள்.

"மேகம் இருக்குங்கறான்," என்றாள் ஆக்னஸ். "மறுபடி மழை வரும்ங்கறான்."

கம்பளிக்காரனும் அண்ணாந்து பார்த்தான். படம் முழுக்க வானம். ஒரு பொட்டு மேகம் இல்லை. கழுவித் துடைத்த மாதிரி நீலம். அவன் நெடுநேரம் பார்த்தான்.

"ஆமாங்கறான். வரும் போலத்தான் இருக்குங்கறான்."

இருவரும் திரும்பி வீட்டுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. சுவர் லேசாக ஆடியது. எழுத்து ஓட ஆரம்பித்தது.

முதலில் வெடித்தது கண்ணம்மாதான். "தூ! இதுக்கா இத்தினி நாளு? ஒரு குண்டு சுடல, ஒண்ணும் சுடல! சொந்தத் தம்பிய கொன்னவன்மே அவன்!"

"அவனுக்கு சுட மனசு வர்ல," என்றாள் யுவராணி.

"மனசு வர்லன்னா அத்த சொல்லணும். மேகம் கீது, மசுரு கீதுன்னு எதுக்குப் பொய்?"

"சொன்னா தம்பிக்கு இன்னா பதில் சொல்லுவான்? வுட்டுட்டேன்னு சொன்னா தம்பிக்கு துரோகம். சுட்டா, ஏணி புடிச்சவன சுட்ட மாதிரி. அதான் மழை மேல பழி போட்டுட்டான். அவனும் புரிஞ்சிகினு ஆமான்னுட்டான். ரெண்டு பேரும் இனிமே தெனிக்கும் காலைல எழுந்து மேகம் கீதுன்னு சொல்லிப்பாங்க, க்கா. சாவுற வரிக்கும் சொல்லிப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் இவ்வளவு பேசியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கம்பெனியில் அவள் நாளெல்லாம் பேசுவது 'ஓகே', 'ரிஜெக்ட்' என்ற இரண்டே வார்த்தைதான். முகம் சூடானது. ஆக்னஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒரு தப்பு கீது," என்று யுவராணி பேச்சை மாற்றினாள். "அந்த வானத்த திரும்பக் காட்டு. ஓரத்துல பாரு, வெள்ளையா ஒரு கோடு."

பவித்ரா பெரிதாக்கிப் பார்த்தாள். "ஐயே, ஏரோப்ளேன் போன பொக! குதிர வண்டி காலத்துல ஏது ஏரோப்ளேன்?"

கண்ணம்மாவே சிரித்துவிட்டாள். "அத்த பாத்துட்டுதான் மேகம்னு சொல்லிகிறான் கய்தே!" என்று அவள் வடையைக் கடித்துக்கொண்டே சொல்ல, ஆக்னஸ் சிரித்து, கட்டுப் போட்ட கால் அதிர்ந்து, "ஐயோ, வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்து மற்ற இருவரும் கிளம்பினார்கள். இந்த முறை ஆக்னஸின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு கட்டுப் பிரிக்கிற வரை, வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் யுவராணி ஏரிக்கரை வழியாகத்தான் வீடு திரும்பினாள். காய் நறுக்கிக் கொடுப்பாள். ஒரு துண்டு படம் பார்ப்பாள். மகள் வந்து தங்கியிருந்த நாட்களிலும் அது நிற்கவில்லை. அடுத்ததாக ஆரம்பித்தது ஒரு சிரிப்புப் படம்: சண்டைக்கு நடுவில் எல்லாம் தூங்கிப்போகிற ஒரு குண்டன், அவனை எழுப்புவதற்கென்றே கூட வருகிற ஒரு ஒல்லியன். முந்தையதைவிடச் செட் இன்னும் மோசம். யுவராணிக்கு இன்னும் குஷி.

ஒருநாள் அவள் வர நேரமாகிறதென்று கணவன் வேம்புலி பைக்கை எடுத்துக்கொண்டு தேடி வந்துவிட்டான். பாடியில் ஒரு பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த களைப்பு. வாசலில் நின்றபடியே, "ஊட்ல புள்ளைங்க பசின்னுது, நீ இன்னாடான்னா இங்க குந்திகினு கீறே?" என்று ஆரம்பித்தான்.

"தோ, ரெண்டு நிமிஷம்யா. இவன் எழுந்துக்குவானா மாட்டானான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

வேம்புலி எட்டிப் பார்த்தான். சாராயக் கடை மேசை மேல் குண்டன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, சுற்றிலும் நாற்காலிகள் பறந்துகொண்டிருந்தன. "யாரு இவன்?" என்று கேட்டு உள்ளே ஒரு எட்டு வைத்தான். ஆக்னஸ் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, குண்டனுக்கான குரலைத் தொண்டையில் சரிசெய்துகொண்டாள். யுவராணி பிள்ளைகளுக்குப் போன் செய்து, அடுக்கில் தோசை மாவு இருக்கிறது, ஊற்றித் தின்னுங்கள் என்றாள்.

படம் முடிகிற வரைக்கும் வேம்புலி தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.